துருசுக்குள் இருக்கும் செம்பின் எண்

இடுக்கியின் உடும்பன்சோலை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கத்து ஏலத் தோட்டங்களில் இடவப்பாதி மழைக்கு முன்பே துருசும் சுண்ணாம்பும் வந்து இறங்கிவிடும். பாலக்காட்டு நெல்லியாம்பதி ஏலக்காட்டுக்கும் இவை பழக்கமானவையே. காயை அழுக வைக்கும் பைட்டோப்தோரா என்ற, பூசணத்தை ஒத்த நுண்ணுயிரியைத் தடுக்க, இரண்டையும் கரைத்துப் போர்டோ கலவை செய்வார்கள். பிரான்சின் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே 1885-இல் திராட்சைக் கொடிகளுக்காக வெளியிட்ட மருந்து இது. துருசு, மயில்துத்தம் என்று நாம் கேட்டு வாங்கும் அந்த நீலப் படிகத்துக்கு, அணைவுச் சேர்மங்கள் பாடத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. அந்தப் பெயருக்கே இந்த உரை.

மூலம் 1
டெட்ராஅக்வாகாப்பர்(…) சல்ஃபேட் மோனோஹைட்ரேட்

அடைப்புக்குள் வர வேண்டியது செம்பின் ஆக்சிஜனேற்ற எண். ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். அதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை என்பதால் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

சல்ஃபேட்: இது அணைவுக்கு வெளியே நிற்கும் எதிரயனி. உரையை இங்கிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் இதன் மின்சுமை நமக்கு முன்பே தெரியும்: −2. சேர்மம் முழுவதும் நடுநிலையானது. ஆகவே அணைவின் மொத்த மின்சுமை +2 ஆகத்தான் இருக்க முடியும்.

மோனோஹைட்ரேட்: துருசின் ஐந்து நீர் மூலக்கூறுகளில் ஒன்று செம்போடு நேராகப் பிணைந்ததல்ல. ஹைட்ரஜன் பிணைப்பால் படிகத்தில் தங்கியிருக்கிறது. ஆய்வாளர்கள் பீவர்ஸும் லிப்சனும் 1934-இல் எக்ஸ் கதிர் ஆய்வால் இதைக் காட்டினார்கள். அதன் மின்சுமை சுழி; கணக்கில் அதற்குப் பங்கில்லை.

டெட்ராஅக்வா: செம்பைச் சுற்றி ஈனிகளாக அமர்ந்த நான்கு நீர் மூலக்கூறுகள். மாணவர் பெரும்பாலும் வழுக்கும் இடம் இதுதான். ‘நான்கு’ என்று கண்டதும் விடை 4 என்று எழுதிவிடுகிறார்கள். நான்கு என்பது ஈனிகளின் எண்ணிக்கை. நமக்கு வேண்டியது அவற்றின் மின்சுமை. நீர் நடுநிலையானது, நான்கு இருந்தாலும் நாற்பது இருந்தாலும் கூட்டுத்தொகை சுழிதான். வேதியியலாளர் ஆல்ஃபிரட் வெர்னர் 1893-இல் முதன்மை இணைதிறன், துணை இணைதிறன் என்று இரண்டாகப் பிரித்ததை நினைத்தால் இந்தக் குழப்பம் தீரும். முதன்மை இணைதிறனே இன்றைய ஆக்சிஜனேற்ற எண். துணை இணைதிறனே அணைவு எண். அந்தப் பணிக்காக 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

காப்பர்: செம்பின் எண்ணை ‘அ’ என்று கொள்வோம். அ + 4 × 0 = +2. ஆகவே அ = +2. அடைப்புக்குள் ரோமன் இரண்டு.

துருசை நன்றாகச் சூடாக்கினால் நீரெல்லாம் போய் வெள்ளைத் தூளாகும். கரைசலில் அம்மோனியாவைத் தாராளமாக ஊற்றினால் நீரின் இடத்தை அது பிடித்து, அடர்நீலம் கொடுக்கும். நிறம் இப்படி மாறினாலும் செம்பின் எண் இரண்டிலேயே நிற்கிறது.

கலவை செய்யும் இடத்துக்கு வருவோம். ஒரு கிலோ துருசு 50 லிட்டர் நீரில், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு இன்னொரு 50 லிட்டரில். துருசுக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்குவார்கள். பிறகு பளபளப்பான கத்தி முனையைச் சிறிது நேரம் முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். முனையில் செம்பழுப்பு படிந்தால் கரைந்த செம்பு மிஞ்சியிருக்கிறது, தெளித்தால் தளிர் கருகும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம். படிந்தது உலோகச் செம்பு. இரும்பு இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துச் சுழியிலிருந்து +2-க்குப் போகிறது. செம்பு அவற்றை வாங்கி +2-இலிருந்து சுழிக்கு இறங்குகிறது. துருசைக் கரைக்க இரும்புப் பாத்திரம் கூடாது என்பதும் இதனால்தான்.

கத்திக்குப் பதில் ஆய்வகத்தில் வேறொரு சோதனை உண்டு. அதில் சேர்க்கும் உப்பின் பெயர் நம் இரண்டாம் மூலம்.

மூலம் 2
பொட்டாசியம் ஹெக்ஸாசயனோஃபெரேட்(…)

பொட்டாசியம்: இந்த உப்பின் ஓர் அலகில் நான்கு பொட்டாசியம் அயனிகள், ஒவ்வொன்றும் +1. மொத்தம் +4. எனவே அணைவின் மின்சுமை −4.

ஹெக்ஸாசயனோ: ஆறு சயனைடு ஈனிகள். இங்கே ஈனி நடுநிலையானதல்ல, ஒவ்வொன்றுக்கும் −1. மொத்தம் −6. முந்தைய மூலத்தில் சுழியால் பெருக்கிய இடத்தில் இங்கே −1-ஆல் பெருக்குகிறோம். முறை ஒன்றுதான்.

ஃபெரேட்: இரும்பை மையமாகக் கொண்ட எதிர்மின் அணைவு. அ − 6 = −4. ஆகவே அ = +2. பொட்டாசியம் நான்குக்குப் பதில் மூன்றாக இருந்தால் அ − 6 = −3; இரும்பு +3 ஆகிவிடும். ஈனிகள் அதே ஆறு, உலோகம் அதே இரும்பு, எண் மட்டும் வேறு. எதிரயனியை முதலில் எண்ணச் சொன்னதன் காரணம் இங்கே தெளிவாகும்.

வடிகட்டிய போர்டோ கலவையில் இந்த உப்பின் கரைசலைச் சில துளி விட்டால், செம்பு மிஞ்சியிருக்கும்போது செம்பழுப்பு வீழ்படிவு வரும். கத்தி முனையில் கண்டதும் செம்பழுப்பு, சோதனைக் குழாயில் கண்டதும் செம்பழுப்பு. ஆனால் கத்தியில் செம்பின் எண் சுழியானது. குழாயில் செம்பும் +2, இரும்பும் +2, எதுவும் மாறவில்லை. அயனிகள் இடம் மாறிச் சேர்ந்தன, அவ்வளவே.

கருத்துரை

நிறத்தைப் பார்த்து ஆக்சிஜனேற்ற எண்ணைச் சொல்ல முடியாது. ஈனிகளின் எண்ணிக்கையைப் பார்த்தும் சொல்ல முடியாது. முதலில் எதிரயனி, அடுத்து ஈனியின் மின்சுமை, கடைசியில் உலோகம் என்ற வரிசை தவறாமல் கணக்கிட்டால் விடை பிசகாது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ்வழியில் படித்து மேல்வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பலர், துருசு கரைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தைத் துருசிலிருந்து தொடங்குங்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.