தீவிரச் சிறுநீரகப் பாதிப்பில் குழந்தைகளின் ஊட்டச்சத்து

மருத்துவமனையில் உள்ள குழந்தைக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கும்போது தரப்படும் உணவுச் சிகிச்சை. இத்தகைய சிறுநீரகப் பாதிப்பு அரிதல்ல: 2017இல் வெளியான ‘அவேர்’ ஆய்வில், தீவிர சிகிச்சையில் இருந்த 4,683 இளம் நோயாளிகளில் 26.9 சதவீதத்தினருக்கு இப்பாதிப்பு இருந்தது. யூரியா ஏறும் என்று அஞ்சிப் புரதத்தைக் குறைப்பது பழைய வழக்கம். அது தவறு. நோயின் வேகத்தில் உடல் தன் தசையையே கரைக்கிறது. அதுவும் யூரியாவாகத்தான் சேரும். டயாலிசிஸில் அமினோ அமிலங்களும் வெளியேறுவதால் தேவை இன்னும் கூடும். தீவிர சிகிச்சைக் குழந்தைகளுக்கான 2017 அமெரிக்க வழிகாட்டுதல், நாளொன்றுக்குக் கிலோ எடைக்குக் குறைந்தது 1.5 கிராம் புரதம் கேட்கிறது. குடல்வழி உணவை 48 மணி நேரத்துக்குள் தொடங்கவும் சொல்கிறது. உடலில் நீர் கோத்துவிடுமே என்ற அச்சம் நியாயமானதே. அதற்கு விடை செறிவு கூட்டிய பால் கலவை, தேவையானால் டயாலிசிஸ், பட்டினி அல்ல.

கட்டுப்படுத்த வேண்டியது வேறு: பொட்டாசியம். வாடிய பிள்ளைக்கு இளநீர் கொடுப்பது நம் வீடுகளின் முதல் அக்கறை. ஆனால் ஒரு தம்ளர் இளநீரில் சுமார் 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீர் வற்றிய குழந்தைக்கு அது இதயத் துடிப்பையே குலைக்கலாம். தக்காளி ரசத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இடைவிடாத டயாலிசிஸ் தொடங்கினால் நிலைமை மாறும். அப்போது பொட்டாசியமும் பாஸ்பேட்டும் குறைந்துபோகலாம். எனவே தினமும் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் உணவைத் திருத்த வேண்டும்.