கூர்க்காவின் விசிலும் வெட்டியானின் தடியும்

காவல்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யார் கற்றுக்கொடுத்தது? சும்மா கேட்கிற கேள்வி இல்லை இது. சிரிப்புக்கும் சாதி உண்டு, வரலாறு உண்டு. ஒரு சிரிப்புப் படத்தை வைத்தே அதைப் பேசிப் பார்க்கலாம்.

2019 ஜூலையில் 'கூர்க்கா' என்றொரு படம் வந்தது. சாம் ஆண்டன் இயக்கம், யோகி பாபு கதாநாயகன். பகதூர் பாபு என்கிற இளைஞனுக்குப் போலீஸ் ஆகவேண்டும் என்று ஆசை. உடம்பு அளவெடுக்கும் இடத்தில் தேறவில்லை. ஒரு பெரிய மாலில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்கிறான். துப்பாக்கிக் கும்பல் ஒன்று மாலைப் பிடித்து ஆட்களைப் பணயமாக வைக்கும்போது, வெளியே நிற்கும் போலீசால் முடியாததை உள்ளே மாட்டிக்கொண்ட இந்தச் செக்யூரிட்டி செய்துகாட்டுகிறான். அவ்வளவுதான் கதை.

இந்தக் கதைக்கு ஓர் அமெரிக்க அண்ணன் உண்டு. 2009இல் வந்த 'பால் பிளார்ட்: மால் காப்' படத்திலும் ஒரு குண்டு மனிதர் போலீஸ் தேர்வில் தோற்று நியூஜெர்சி மாலில் காவலுக்கு நிற்கிறார். அங்கேயும் கும்பல் வருகிறது, அங்கேயும் அவர்தான் காப்பாற்றுகிறார். ஆனால் ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். அமெரிக்கப் படத்தில் பால் பிளார்ட் எந்த வம்சம் என்று யாரும் கேட்கவில்லை. நம்மூருக்கு வந்ததும் கதைக்கு வம்சம் தேவைப்பட்டுவிட்டது. பகதூர் பாபு கூர்க்கா வழியில் வந்தவனாம். படத்தின் பெயரே அதுதான். கருத்த நிறம், சுருட்டை முடி, பருத்த உடம்பு. இப்படி ஒருத்தன் தன்னைக் கூர்க்கா என்று சொல்லிக்கொள்வதுதான் முதல் ஜோக். தியேட்டர் சிரிக்கிறது. ஏன் சிரிக்கிறது? வீரன் என்றால் இன்ன உடம்பு, இன்ன ரத்தம் என்று நம் மண்டைக்குள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. எழுதினவன் யார் என்பதுதான் கேள்வி.

எழுதினவர்களில் முக்கியமான ஒருவர் சென்னையில் இருந்தவர். பிரடெரிக் ராபர்ட்ஸ் என்கிற வெள்ளைக்காரத் தளபதி 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்துக்குத் தலைமை வகித்தார். அதன்பின் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதி. தெற்கத்தி ஆட்களிடம் போர்க்குணம் போய்விட்டது, சண்டைக்கு லாயக்கானவர்கள் வடக்கேதான் என்பது அவருடைய முடிவு. 1857 கலகத்தில் கூர்க்காக்களும் சீக்கியர்களும் கம்பெனிக்காரன் பக்கம் நின்ற விசுவாசம் 'வீர இனம்' என்கிற சித்தாந்தமாக மாறியது. கூர்க்காக்களோடு 1814 முதல் 1816 வரை நேபாளப் போரில் மோதிய கம்பெனி, 1815லேயே அவர்களைப் படையில் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. ராபர்ட்ஸ் காலத்தில் அவர்கள் உச்சிக்குப் போனார்கள். தெற்கத்திப் படைகள் சுருங்கிக்கொண்டே வந்தன.

சுருக்கப்பட்ட அந்தப் படைகளில் இருந்தவர்கள் யார்? கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் சிப்பாய்கள் கணிசமாக இருந்தார்கள். 1780இல் இங்கே உருவான பயனியர் கம்பெனிகள்தான் பிறகு சென்னை சாப்பர்ஸ் ஆயின. பாலம் கட்டுவது, பதுங்குகுழி வெட்டுவது, கோட்டை மதிலைப் பிளப்பது அவர்கள் வேலை. குண்டு விழுகிற இடத்தில் மண்வெட்டியோடு முன்னால் போனவர்கள் அவர்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர் சிப்பாய்களை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அன்று அந்தக் களத்தில் சென்னைப் பீரங்கிப் படைக்காரர்களும் நின்றார்கள்.

இப்படி நின்றவர்களுக்குத்தான் வீர இனச் சித்தாந்தம் கதவைச் சாத்தியது. 1890களின் தொடக்கத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அம்பேத்கர் 1891இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்தவர், அவருடைய தந்தை ராம்ஜி சுபேதார். சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு ராணுவம் கொடுத்த பள்ளிக்கூடம் தீண்டப்படாதவர்களுக்கு எவ்வளவு பெரிய வாசல் என்பதை அவர் எழுதியிருக்கிறார். அந்த வாசலைத் திறக்கச் சொல்லி 1910இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே தலைமையில் மகர்கள் லண்டன்வரை மனுப் போட்டார்கள். மகர் ரெஜிமெண்ட் அமைந்தது 1941இல். அதுவும் உலகப்போர் வந்து ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட பிறகு.

ராணுவத்தை விடுங்கள், ஊரைப் பாருங்கள். இந்தத் திருவான்மியூர் ஒருகாலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமம். அந்த ஜில்லாவின் கிராமங்களில் காவல் யார் கையில் இருந்தது? தலையாரி, வெட்டியான், தோட்டி. களத்தில் நெல் காத்தவர்கள் அவர்கள். ஏரித் தண்ணீரை மடைபார்த்து விட்டார்கள். வரிப்பணம் தாலுகா கச்சேரிக்குப் போகும்போது துணைக்குப் போனார்கள். எல்லைத் தகராறு வந்தால் மிராசுதாரர்கள் இருவரும் பறையரைத்தான் கூப்பிடுவார்கள்; எல்லை எங்கே என்று அவருடைய கால்களுக்குத்தான் தெரியும். ஊர் மண்ணை அளந்து காட்டினவருக்கு அந்த மண் சொந்தமில்லை. களத்தில் அளந்து போட்ட மேரைதான் கூலி. காவல் காத்த களத்தில் ஒரு மரக்கால் குறைந்தால் முதல் சந்தேகமும் அவர்மேல்தான்.

தெற்குச் சீமையிலும் காவல் இருந்தது. அங்கே ஆதிக்க சாதிகள் ஊர்க்காவலைத் தங்கள் உரிமையாகச் சொல்லிக் காவல்வரி வாங்கினார்கள். அதைப் பெருமையாகப் பாட்டன் பூட்டன் கதையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக ஒரே காவல்தான். ஒருத்தன் செய்தால் உரிமை, இன்னொருத்தன் செய்தால் ஊழியம். ஒருத்தன் தடி வீரத்துக்கு அடையாளம், இன்னொருத்தன் தடி அடிமைக்கு அடையாளம்.

இலக்கியம் படித்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மதுரைக்காஞ்சி நள்ளிரவு மழையிலும் அசராமல் ஊர்சுற்றும் காவலர்களைப் போற்றிப் பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் நீதி கேட்டுவந்த கண்ணகி முதலில் பேசியது பாண்டியனோடு இல்லை, வாயில் காப்பவனோடு. அவன் உள்ளே போய்ச் சொன்னதால்தான் வழக்கே நடந்தது. அவனுக்குப் பெயர் இல்லை. வாசலில் நிற்பவனுக்குப் பெயர் வைக்காத பழக்கம் அன்றே இருந்திருக்கிறது.

இன்றைக்கு வருவோம். 2000த்தில் டைடல் பார்க் திறந்தபிறகு திருவான்மியூர், தரமணி வட்டாரமே கண்ணாடிக் கட்டிடங்களாகிவிட்டது. கண்ணாடிக் கட்டிடம் வந்தால் கேட் வரும், கேட் வந்தால் செக்யூரிட்டி வரவேண்டும். பீகார், ஒடிசா, அசாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ பிழைக்கவந்த இளைஞர்கள் ஒருபக்கம். விவசாயக் கூலி வேலை செத்துப்போன வடமாவட்டங்களிலிருந்து வந்த ஐம்பது அறுபது வயதுக்காரர்கள் இன்னொரு பக்கம். வால்மீகி நகர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடி வாசலில் நிற்கும் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மதுராந்தகம் பக்கத்து ஆள். "பேரெல்லாம் போடாத தம்பி. எங்கப்பா ஊர்ல வெட்டியான். அவரு நெல்லக் காத்தாரு, நான் காரக் காக்குறேன். அவருக்கு ராத்திரியில களத்துல படுக்கவாச்சும் வைக்கோலு இருந்துச்சு. எனக்கு ஸ்டூல எடுத்துட்டாங்க, ஒக்காந்தா தூங்கிடுவேனாம்" என்றார். ராத்திரி எட்டுக்கு ஏறினால் காலை எட்டுக்கு இறங்கவேண்டும். மாற்று ஆள் வரவில்லை என்றால் பகலும் சேர்ந்துகொள்ளும். யூனிபாரத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம். ஒண்ணுக்குப் போகவேண்டுமானால் பக்கத்து டீக்கடைக்காரரின் தயவு.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்த 2005இல் மத்தியச் சட்டம் ஒன்று வந்தது. அதையொட்டிய மாதிரி விதிகள் காவலாளிக்கு 160 செ.மீ. உயரம், 80 செ.மீ. மார்பு, மூச்சிழுத்தால் இன்னும் 4 செ.மீ. என்று அளவு சொல்கின்றன. ராபர்ட்ஸ் காலத்து அளவுநாடா இன்னும் சுருட்டி வைக்கப்படவில்லை. முன்னாள் ராணுவத்தினர், போலீசாருக்கு முன்னுரிமை தரலாம் என்கிறது சட்டம். தலைமுறைகளாக எந்தப் படையில் யாரைச் சேர்க்கவில்லை என்பதைச் சேர்த்துப் படித்தால் இந்த முன்னுரிமைக்கு அர்த்தம் புரியும். செக்யூரிட்டியின் உடுப்பு ராணுவத்தினுடையது மாதிரியோ போலீஸ் மாதிரியோ இருந்தால் ஓராண்டுவரை சிறை என்றும் இருக்கிறது. அதிகாரத்தின் சாயல்கூட அந்தச் சட்டையில் விழக்கூடாது. ஆனால் திருடன் வந்தால் அதிகாரத்தோடு தடுக்கவேண்டும். தடுக்க முடியாவிட்டால் விசாரணையில் முதலில் உட்கார வைக்கப்படுவதும் அவர்தான். களத்து நெல் குறைந்த அதே கதை.

இப்போது திரும்பவும் படத்துக்கு வருவோம். 'யாமிருக்க பயமே' (2014) படத்தில் பன்றி முகத்தோடு சேர்த்துவைத்த பட்டப்பெயரில்தான் யோகி பாபு ஊரெல்லாம் தெரிந்தார். கருப்பையும் முகவெட்டையும் திட்டிச் சிரிக்கும் மரபு தமிழ்க் காமெடியில் பல பத்தாண்டுகளாக ஊறியது. அந்த உடம்பை வைத்தே 'கூர்க்கா' பாதிப் படத்தை ஓட்டுகிறது. ஆனாலும் அந்த உடம்பு ஜெயிக்கிறது. வீர இனம் என்று சொல்லப்படாத ஒரு முகம் துப்பாக்கிக்கு எதிரே நின்று ஆட்களை வெளியே கொண்டுவருவதைத் திரையில் பார்க்கிற சேரிப் பையனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

என் சண்டை வேறு. அவன் வீரத்துக்குக் காரணம் தேடி அந்தப் படம் ஏன் நேபாளம்வரை போகவேண்டும்? செங்கல்பட்டுக் களத்துமேட்டில் காரணம் கிடைக்காதா? சாப்பர்ஸ் மண்வெட்டியில் கிடைக்காதா? கூர்க்கா மகன் என்றால் காமெடிக்காவது ஒத்துக்கொள்ளும் தியேட்டர், வெட்டியான் பேரன் என்றால் ஒத்துக்கொள்ளுமா? கூர்க்காக்கள்மேல் நமக்கு விரோதமில்லை. ராத்திரி விசிலடித்துத் தெருச்சுற்றி, மாதக் கடைசியில் வீடுவீடாகப் பத்து ரூபாய்க்கு நின்ற அந்த நேபாளத்து ஆளும் வீர இனம் என்ற பட்டத்தால் வயிறு நிறைந்தவரில்லை. பட்டம் கொடுத்தவனுக்கு லாபம், பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் கேட்டில் நிற்கும் வேலை.

இதே யோகி பாபு 2021இல் மடோன் அஸ்வின் இயக்கிய 'மண்டேலா' படத்தில் முடிதிருத்துபவராக வந்தார். ஊர் அவரை இளிச்சவாயன் என்று கூப்பிட்டது. ஒரு ஓட்டுக்காக இரண்டு சாதிகளும் காலில் விழும்போது, அந்த ஓட்டை வைத்து அவர் ஊருக்குக் கழிப்பறையும் சாலையும் கேட்டார். அங்கே அவருக்கு எந்த வம்சமும் தேவைப்படவில்லை. கையில் இருந்த உரிமை போதுமாக இருந்தது. 'கூர்க்கா' படத்துச் செக்யூரிட்டிக்குக் கிடைத்தது கைதட்டல். மண்டேலாவுக்குக் கிடைத்தது பேரம் பேசும் இடம். இந்த வித்தியாசம் நமக்கு முக்கியம்.

கடைக்காரர்கள் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. கடைக்குள் இருப்பவர்களுக்கே அதைக் கேட்டு வாங்கவேண்டியிருக்கிறது. ஏஜென்சி மூலமாக வந்து வாசலில் நிற்பவரை யாருடைய ஊழியர் என்றே சொல்ல ஆளில்லை. செக்யூரிட்டிகளைச் சங்கமாகத் திரட்டுகிற தோழர்கள் அங்கிருந்து தொடங்கலாம். எட்டுமணி நேர வேலை, மிகைநேரத்துக்கு இரட்டைச் சம்பளம், கழிப்பறை, ஒரு ஸ்டூல். மாணவர்கள் இன்னொரு வேலை செய்யலாம். உங்கள் ஊரில் கடைசியாக வெட்டியானாக, தலையாரியாக இருந்தவர் பெயரை எழுதி வையுங்கள். எந்தக் களம், எந்த மடை, எந்த எல்லைக்கல் என்று கேட்டு எழுதுங்கள். வாயிலோனுக்குச் சிலம்பு பெயர் வைக்கவில்லை. நாம் வைக்கலாம்.