மலிந்தியில் ஏறிய மாலுமி

வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி கண்டான் என்று பள்ளிப் பருவத்தில் நாம் நெட்டுருச் செய்தோம். அவ்வழியின் கடைசிப் பகுதியை அவனுக்குக் காட்டியவனைப்பற்றி நமக்குச் சொன்னவர் இல்லை.

1497 ஜூலையில் லிஸ்பனை விட்ட காமா, மறு ஆண்டு ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள மலிந்தியை அடைந்தான். அதற்கப்பாலுள்ள கடல் அவனுக்குப் புதிது. அராபியருக்கும் குஜராத்தியருக்கும் அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய பாதை. கோடையில் தென்மேற்குக் காற்றோடு வருவர். வடகிழக்குக் காற்று எழும்வரை துறைமுகங்களில் மாதக்கணக்காகத் தங்கியிருந்து திரும்புவர். மலிந்தி மன்னன் அத்தகைய மாலுமி ஒருவனைக் காமாவுக்கு அளித்தான். அவன் குஜராத்தியன் என்பது பழைய போர்த்துகீசிய ஆசிரியர்களின் கூற்று. அராபியக் கடலறிஞர் இப்னு மாஜித்தே அவன் என்பாரும் உண்டு. இன்றைய ஆய்வாளர் பலர் அதனை ஏற்பதில்லை. எவனாயினும் காற்றை அறிந்தவன். இருபத்து மூன்று நாள் ஓட்டத்தில் மலையாளக் கரை தெரிந்தது. மே 20 அன்று கோழிக்கோட்டருகே நங்கூரம் பாய்ச்சினர்.

சாமூதிரியோடு மனக்கசப்புற்ற காமா, காற்று மாறும்வரை பொறுத்திருக்கவில்லை. அக்டோபர்த் தொடக்கத்தில் அஞ்சதீவிலிருந்து புறப்பட்டான். சில நாள் காற்றே இல்லை. சில நாள் எதிர்க்காற்று. வந்தபோது மூன்று வாரமான கடல், திரும்புகையில் ஏறக்குறைய மூன்று மாதமாயிற்று. ஈறு வீங்கும் நோயால் முப்பது பேர் மாண்டனர். கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே வேலை செய்யும் நிலையில் இருந்தனர். மலிந்தியைக் கடந்தபின், செலுத்த ஆளில்லாமல், மூன்று கப்பல்களுள் ஒன்றைத் தம் கையாலேயே கொளுத்தினர்.