300 பாட் கம்பியும் ஐம்பது டாலர் டப்பாவும்

பொட்டி தட்டுறவங்க நாலு பேர் கூடின இடத்துல ‘விஐயா, ஐடிஇயா’ன்னு ஆரம்பிச்சா டீ ஆறிடும், சண்டை ஆறாது. கேட்டா ரெண்டு கட்சியும் தத்துவம் பேசும். பழைய கதையைக் கிளறினா, கம்பி வேகமும் பிளாப்பி அவஸ்தையும்தான் கிடைக்குது மக்களே.

1976-ல பெர்க்லி மாணவர் பில் ஜாய் விஐ எழுதினப்போ, வீட்டுல இருந்தது 300 பாட் மோடம். நொடிக்கு சுமார் 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து உள்ள திரையை ஒருதரம் முழுசா நிரப்ப 64 நொடி ஆகும்! மெனு, ஜன்னல்னு ஜிகினா காட்ட வழியே இல்லை. டி, டபிள்யூ ரெண்டும் தட்டினா ஒரு சொல் காலி. அவ்ளோதான், கம்பியில போறதே ரெண்டு எழுத்து.

எச், ஜே, கே, எல்ல கர்சர் நகர்றதைப் பார்த்து ‘எந்தப் புண்ணியவான் யோசிச்சது’ன்னு தலையில அடிச்சுக்கிறோமே, அவர் வச்சிருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினல்ல அந்த நாலு விசை மேலயே அம்புக்குறி அச்சடிச்சிருக்கும். எஸ்கேப் விசையும் இன்னைக்கு டேப் இருக்கிற இடத்துல, சுண்டுவிரலுக்குப் பக்கத்துலயே. அது மூலைக்குப் போனது விஐ குற்றமா? (அதே வருஷம் எம்ஐடியில ஈமேக்ஸ் பிறந்துச்சு. அது தனி ராமாயணம், இன்னொரு நாள்.)

அந்தப் பக்கம் சின்னக் கணினிக்காரன் பாடு வேற. எடிட்டரை ஏத்து, எழுது, சேமி, வெளிய வா, கம்பைலரை ஏத்து, லிங்கரை ஏத்து. ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சா, மறுபடி மொதல்லேர்ந்து. 1983-ல போர்லாண்ட் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வித்துச்சு. ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் எழுதின கம்பைலரும் எடிட்டரும் ஒரே டப்பாவுல, மெமரியிலேயே. தப்பு இருந்தா கர்சர் அந்த இடத்துலயே போய் நிக்கும். மத்த கம்பைலர்கள் நூத்துக்கணக்கான டாலர் கேட்ட காலம் அது. நம்மூர் காலேஜ் லேப்களை ஆண்ட டர்போ சி++ நீலத்திரை இந்தக் குடும்பத்து வாரிசுதான்.

என்னைக் கேட்டா, தூரத்து சர்வர்ல கான்பிக் ஃபைலைத் திருத்த விஐ, ஆயிரம் கிளாஸ் உள்ள ஜாவா ப்ராஜெக்டுல பேர் மாத்த ஐடிஇ. ஆனா 2016-ல லாங்வேஜ் சர்வர் புரோட்டகால் வந்தப்புறம் அந்த வித்தையில பாதி விம்முக்குள்ளயும் வந்தாச்சு. நிரல்மொழி அறிவைத் தனி சர்வரா பிரிச்சு, எந்த எடிட்டர் வேணா கேட்டுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னோடிகள்ல ஒண்ணு டைப்ஸ்கிரிப்ட் சர்வர். டைப்ஸ்கிரிப்டை வடிவமைச்சது யாருன்னு பார்த்தா, எல்லாத்தையும் ஒரே டப்பாவுல அடைச்ச அதே ஹைல்ஸ்பெர்க் :-)