கரை காத்தவரும் பிணம் எடுத்தவரும்: காவிரிப் படுகையில் பேரிடர்ப் பணியும் உடலும்

காவிரிப் படுகையில் பேரிடர்ப் பணி என்பது நெடுங்காலம் ஒரு தொழிலாக இருந்ததில்லை. அது கடமை, அதுவும் சிலர்மீது மட்டும் சுமத்தப்பட்ட கடமை. சென்னை மாகாணத்துக்கென 1858இல் இயற்றப்பட்ட கட்டாய உழைப்புச் சட்டம், ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ உடையும் நிலை வரும்போது அண்டைக் கிராமங்களின் உழைக்கும் வகுப்பு ஆண்களை ஊர்த்தலைவர் வழியாகத் திரட்டி வேலை வாங்கும் அதிகாரத்தை அலுவலர்களுக்கு வழங்கியது. வாய்க்கால் தூர்வாரவும் கரை செப்பனிடவும் ஊரார் பொதுவில் உழைக்கும் குடிமராமத்து என்னும் பழைய வழக்கத்துக்கும் அதே சட்டம் தண்டனையின் வலுவைச் சேர்த்தது. நிலம் மிராசுதாரிடமும் உழைப்பு பள்ளர், பறையர் குடிகளைச் சேர்ந்த பண்ணையாட்களிடமும் இருந்த தஞ்சாவூர் மாவட்டத்தில், ஐப்பசி இரவுகளில் கொள்ளிடக் கரையில் மண் சுமந்தவர் யார் என்பதை அறிய ஆவணங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

வெள்ளம் வடிந்த பின் எஞ்சும் வேலை வெட்டியானுடையது. சுடுகாட்டுப் பணியோடு, பல ஊர்களில் இழவுச் செய்தி சொல்வதும் வயல் காவலும் அவர் பொறுப்பில் இருந்தன. ஊதியம் அறுவடைக் களத்தில் அளக்கப்பட்ட நெல். 1924 ஜூலையில் காவிரியில் பெருகிய வெள்ளம், அடுத்த ஆண்டே தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் தேவையை மேலும் அழுத்தமாக உணர்த்தியது. 1952 நவம்பரிலும் 1977 நவம்பரிலும் நாகப்பட்டினக் கரையைப் புயல்கள் தாக்கின. இவை பற்றிய நிர்வாக எழுத்து உடைப்புகளையும் சாய்ந்த பயிரையும் இறந்தோரையும் கணக்கிட்ட அளவுக்கு, உடைப்பை அடைத்தவரும் இறந்தோரைப் புதைத்தவரும் பின்னர் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கணக்கிட முனையவில்லை.

உழைத்தவரைக் கணக்கில் எடுக்காத இந்த வழக்கத்தை 2004ஆம் ஆண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கடற்பகுதியான நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி ஆகிய இடங்களில் இடிபாடுகளுக்கும் முள்வேலிகளுக்கும் இடையில் சிக்கி ஊதிப்போன உடல்களை எடுத்துப் பெருங்குழிகளில் அடக்கம் செய்ய, பிற ஊர் நகராட்சிகளின் துப்புரவுப் பணியாளர்களும் வரவழைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். முதல் நாள்களில் கையுறையும் முகக்கவசமும் போதவில்லை. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் உள்ளிட்டவை அளித்த உளநலப் பயிற்சியும் ஆற்றுப்படுத்தலும், இயல்பாகவே, உற்றாரை இழந்தோரை மையமாகக் கொண்டிருந்தன. பிணம் எடுத்தவர் வேலை முடிந்ததும் வந்த வண்டியிலேயே ஊர் திரும்பினார்.

அத்தகைய வேலை உடலில் என்ன தடம் விடுகிறது என்று கேட்க ஓர் அறிவியல் வழியும் அப்போது திறந்தது. அதே 2004இல், கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில், தாய் எலி நக்கி வளர்த்த குட்டிக்கும் அவ்வாறு வளராத குட்டிக்கும் இடையில் மூளையின் ஒரு மரபணுமீது மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதி படிந்திருக்கும் அளவு வேறுபடுவதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. மரபணுவின் எழுத்து மாறாமல் அதன் செயற்பாடு மட்டும் கூடுவதையும் குறைவதையும் ஆராயும் இத்துறை எபிஜெனெடிக்ஸ், அதாவது புறமரபியல், எனப்படுகிறது. அச்சம் நீடிக்கும்போது சுரக்கும் கார்டிசால் என்னும் இயக்குநீர், இத்தகைய வேதிக்குறிகள் வழியாக நோயெதிர்ப்பு மண்டலத்தின் போக்கை மாற்றி, அழற்சியையும் அதன் தொடர்ச்சியாக இதயநோய், நீரிழிவு போன்றவற்றையும் ஊக்குவிக்கக்கூடும் என்பது கருதுகோள். பெற்றோரின் துயரம் பிள்ளையின் உடலிலும் தடம் விடும் என்ற கருத்துக்கு அடிக்கடி சான்றாகக் காட்டப்படும் ரேச்சல் யெஹுதாவின் ஆய்வு, நாஜிப் படுகொலையிலிருந்து தப்பிய 32 பேரையும் அவர்களின் 22 பிள்ளைகளையும் மட்டுமே கொண்டது. அதிலிருந்து பரம்பரை விதி ஒன்றை வகுப்பது அவசரம்.

மீட்புப் பணியாளர்களைப் பொறுத்தவரை, இந்த ஆராய்ச்சிக்கு வளமான களம் நியூயார்க். 2001 செப்டம்பர் 11க்குப் பின் உலக வர்த்தக மைய இடிபாட்டில் உழைத்தோரிடம், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறும் மூச்சுக்குழல் நோயும் சேர்ந்தே காணப்படுவதை 2012இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. பின்னர் அவர்களின் குருதியில் மெத்தில் படிவுகளும் ஆராயப்பட்டன. ஆனால் புழுதி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரிப்பது அங்கும் எளிதாக இல்லை. குருதி அணுக்களில் தெரியும் குறி நோயின் காரணமா விளைவா என்பதும் தீரவில்லை. இத்தனை கேள்விகளைக் கேட்க முடிந்ததற்கே காரணம் ஆய்வகத்தைவிடப் பதிவேடுதான்: 2010இல் நிறைவேறிய ஜட்ரோகா சட்டம் அத்தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் மருத்துவக் கண்காணிப்பை உறுதிசெய்தது, 2015இல் அத்திட்டம் 2090 வரை நீட்டிக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் பிணம் எடுத்தவர்களுக்கு அத்தகைய சட்டம் எதுவும் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல மாவட்டங்களிலிருந்து வந்து சேற்று வயல்களில் கம்பம் நட்ட மின்வாரிய ஊழியர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அது வரவில்லை.

பதிவேடு இருந்திருந்தாலும், நியூயார்க்கின் ஆய்வுமுறையை அப்படியே பெயர்த்து நடுவது இங்கே இடர்ப்படும். அம்முறை, நிகழ்ச்சிக்கு முன் ஓரளவு நலமாயிருந்த உடல் ஒன்றையும் அதைத் தாக்கிய ஒரு நிகழ்ச்சியையும் எடுத்துக்கொள்கிறது. துப்புரவுப் பணியாளரின் உடலோ ஆழிப்பேரலைக்கு முன்பே சாக்கடை வாயுவையும், நாற்றத்தை மறக்கக் குடித்த சாராயத்தையும், பல வேளைப் பட்டினியையும், அன்றாட அவமதிப்பையும் சுமந்தது. தாயின் வயிற்றிலிருந்தே தொடங்கிய குறையூட்டமும் மெத்தில் படிவுகளை மாற்ற வல்லது என்பதை, 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் சுட்டுகின்றன. துப்புரவுப் பணியாளரின் நோய் அவருடைய மகனுக்கும் வந்தால், அது குருதி வழி வந்த குறியா, குருதியோடு சேர்த்துக் கையளிக்கப்பட்ட வேலையா என்று கேட்க வேண்டும்; கரையையும் பிணத்தையும் தந்தைக்குப் பின் மகனிடம் ஒப்படைத்துவந்த படுகையில், இரண்டாவது வழிக்கு மட்டுமே 1858ஆம் ஆண்டின் சட்டத்தையும் களத்து நெல்லையும் சான்றாகக் காட்ட முடிகிறது.