தொழில் கிரெடிட் கார்டு: பயணச் சலுகைகள்

நிறுவனச் செலவுகளுக்காக வங்கிகள் வழங்கும் கடன் அட்டை. ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளுக்கு உட்பட்டது. செலவுக்கேற்பச் சேரும் புள்ளிகளை விமான, ரயில் டிக்கெட்டாகவோ தங்கும் விடுதிக் கட்டணமாகவோ மாற்றலாம்.

தேர்வு: புள்ளியின் எண்ணிக்கையை விட அதன் ரூபாய் மதிப்பே முக்கியம். சான்றாக, 100 ரூபாய்க்கு 2 புள்ளி, ஒரு புள்ளி 25 காசு என்றால், ஒரு லட்சம் செலவுக்குக் கிடைப்பது 500 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 2,000 ரூபாய், அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்து 2,360. அதை ஈடுகட்டவே 4,72,000 ரூபாய் செலவாக வேண்டும். எரிபொருள், வாடகை போன்றவற்றுக்குப் பல அட்டைகளில் புள்ளி கிடையாது. வெளிநாட்டுச் செலவுக்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வட்டாரப் பயன்பாடு: எட்டயபுரம், கோவில்பட்டி கரிசல் வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கடலை மிட்டாய்த் தொழிலும் பெயர் பெற்றவை. சரக்கு விற்க வெளியூர் செல்வோருக்குக் கோவில்பட்டி ரயில் நிலையமும் தூத்துக்குடி, மதுரை விமான நிலையங்களுமே வாசல்கள். ஆகவே, அடிக்கடி ரயிலேறுபவர் விமான மைல்களை விட ரயில் டிக்கெட்டுக்குச் சலுகை தரும் அட்டையைத் தேர்வதே நல்லது.

எச்சரிக்கை: கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டாவிட்டால், வட்டி புள்ளிகளின் பலனை விழுங்கிவிடும்.