ஒரு சொல்லின் ஸ்வரம்

பிரிட்டனின் பெரிய விமான நிலையமொன்றின் ஊழியர் உணவுச்சாலையில் புதிதாக வேலைக்கு அமர்ந்த இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் மரியாதையற்றவர்கள் என்னும் அபவாதத்துக்கு ஆளானபோது, அதன் காரணத்தை ஆராய்ந்த மொழியறிஞர் ஜான் கம்பெர்ஸ், குறை அவர்கள் குணத்தில் இல்லை, குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் இருந்தது என்று கண்டார். இறைச்சியுடன் குழம்பு வேண்டுமா என வினவும் ஆங்கிலேயப் பணிப்பெண் ‘கிரேவி?’ என்று ஸ்வரத்தை உயர்த்தி முடிப்பாள். தாழ்த்தி முடிப்பதையே வினாவாகக் கொண்ட இப்பெண்கள் அவ்வாறே சொல்ல, ‘இதுதான் கிரேவி, வேண்டுமானால் எடுத்துக்கொள்’ என்னும் அலட்சியமாக அது கேட்டவர் செவியில் விழுந்தது. இரு குரல்களின் ஒலிப்பதிவையும் ஒப்பிட்டுக் கேட்டபின் மனஸ்தாபம் தணிந்தது. 1982-இல் கம்பெர்ஸ் வெளியிட்ட நூலில் இடம்பெற்ற இச்சிறு சம்பவம், தொழிலிடத்துச் சம்பாஷணையை ஆராய்வோர் இன்றும் போற்றும் பாடமாகும். பிறர் குணத்தை நிந்திக்குமுன் அவர் பேச்சின் மரபை அறிய முயல்வதே தர்மம்.